அரிக்கமேடு கேம்பெயினில் வெளி மாட்யூல்கள்: வேண்டுமா, வேண்டாமா?

தேங்காய்த்திட்டு டிஎம்:
ஞாயிறு இரவுகளில் ஆறு பேர் ஓர் ஆன்லைன் தளத்தில் டிஎன்டி (டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதை விளையாட்டு) ஆடுகிறோம். கதையை நடத்தும் டிஎம் நான். நான்கு பேர் புதுச்சேரி, இருவர் கடலூர். எங்கள் கேம்பெயின், அதாவது பல வாரம் தொடரும் கதை, நடப்பது அரிக்கமேட்டில், ரோமானியச் சரக்கு வந்திறங்கிய காலத்தில். மணி செய்யும் பட்டறைகள், மதுச்சாடிகள் அடுக்கிய கிடங்கு, ஓதம் ஏறி இறங்கும் அரியாங்குப்பம் ஆறு எல்லாம் உண்டு. தளத்தின் கடையில் தேடினால் பனிமலையும் கல்கோட்டையும்தான் கிடைக்கின்றன. அதனால் மேப்பை நானே வரைந்தேன், பேய் பிசாசுகளை நானே எழுதினேன். ஓதம், மழை, சரக்குக் கணக்கு, பிசாசுகளின் திறன்கள் போன்றவற்றுக்கு வெளியார் எழுதிய 11 மாட்யூல்களை (தளத்தோடு இணையும் கூடுதல் நிரல்கள்) சேர்த்தேன். போன வாரம் தளத்தைப் புதிய பதிப்புக்கு மாற்றினேன். சரக்குக் கணக்கு மாட்யூல் அதோடு நின்றுவிட்டது. கதையில் மூன்று பேருடைய பைகள் காலி.

இனி கடையில் இருப்பதை மட்டும் வைத்து ஆடலாம் என்று குழுவில் இருவர் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. நம் ஊர்க் கதையை விட்டுவிட்டுப் பனிமலைக்குப் போகவா இத்தனை உழைத்தேன்?

கெடிலக்கரை:
அந்த இருவரில் ஒருவன் நான். அண்ணன் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் 14 செஷன்களாக நான் சேர்த்த பச்சை மணிகள் ஒரே இரவில் காணாமல் போயின. சண்டையில் தோற்று இழந்திருந்தால் வருத்தப்பட மாட்டேன். யாரோ ஒருவர் ஓய்வு நேரத்தில் எழுதிய நிரல் புதிய பதிப்புக்கு ஈடுகொடுக்கவில்லை என்பதற்காக இழந்தேன். அவரையும் குறை சொல்ல முடியாது, அவர் காசு வாங்கவில்லை. ஆனால் நம் ஆட்டம் அவரை நம்பி நிற்கலாமா?

இன்னொன்று. மாட்யூல்கள் டிஎம் கணினியில் மட்டும் ஓடுவதில்லை. எங்கள் ஒவ்வொருவர் பிரவுசரிலும் ஓடுகின்றன. என்னுடையது 4 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப். மழை மாட்யூல் பெய்ய ஆரம்பித்தால் மேப்பில் என்னைக் குறிக்கும் டோக்கன் நகராது. ஆட்டம் எல்லோருக்கும் சமமாக இருக்க வேண்டும் அல்லவா?

ஊசுட்டேரி:
கெடிலக்கரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் ஆயா வீட்டில் தாயம் ஆடினால், ஒரு வெட்டாவது வெட்டிய பிறகுதான் காய் உள்ளே போகும். அம்மாவின் ஊர் நெல்லிக்குப்பம், அங்கே அந்தக் கட்டாயம் இல்லை. பல்லாங்குழியும் அப்படித்தான், தெருவுக்குத் தெரு வேறு. யாரும் கடையில் போய் விதி வாங்கவில்லை. ஆட்டத்தை ஆடுகிறவர்கள் மாற்றிக்கொள்வது நம்மிடம் எப்போதும் இருந்த வழக்கம். ஒரு மாட்யூல் உடைந்தது என்பதற்காக அதை விட்டுக்கொடுக்கக் கூடாது.

சோலைநகர் அக்கா:
பத்து வருடங்களாக டிஎம் ஆக இருக்கிறேன், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நீங்கள் மூவரும் இரண்டு தனித்தனி விஷயங்களை ஒன்றாகப் போட்டுப் பேசுகிறீர்கள்.

நாம் எழுதும் பிசாசு, நாம் வரையும் மேப், தாயத்தின் வீட்டு விதி, இவை உள்ளடக்கம். இவற்றைக் காகிதத்தில் எழுதி வைத்தால் எந்தத் தளத்துக்கும் தூக்கிக்கொண்டு போகலாம், மின்சாரம் போனால் மெழுகுவர்த்தி வெளிச்சத்திலும் ஆடலாம். மாட்யூல் அப்படியல்ல, அது நிரல். ஃபவுண்ட்ரி போன்ற தளத்தில் அது ஆடுபவரின் பிரவுசருக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட். டிஎம் கையால் செய்யக்கூடிய எதையும் அதுவும் செய்ய முடியும். தளத்தின் உள்கட்டமைப்பு மாறினால் உடையும். அதனால் வீட்டு விதியை ஆதரிக்கிற நானே, முன்பின் தெரியாத நிரலுக்குத் தயங்குவேன்.

தம்பியின் கொள்ளிவாய்ப் பிசாசையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு மாட்யூல் எதற்கு? டிஎன்டியின் அடிப்படை விதிகளை இலவசமாகத் தரும் எஸ்ஆர்டி 5.1 விதித்தொகுப்பில் வில்-ஓ-விஸ்ப் என்ற பேய் இருக்கிறது. சதுப்பில் மிதக்கும் வெளிச்சம், 22 உயிர்ப்புள்ளி, நினைத்தால் மறையும். ஆனால் பெயரை மட்டும் மாற்றினால் போதாது. அது சாகக்கிடப்பவரின் உயிரை உறிஞ்சும். நம் பாட்டிமார் சொன்ன கொள்ளிவாய்ப் பிசாசு வழியை மறக்கடித்து ஆளைச் சேற்றுக்குள் இழுத்துப் போகும். அந்த ஒரு திறனை மாற்றி எழுதினால் பிசாசு நம்முடையதாகிவிடும். பத்து நிமிட வேலை.

இதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். டிஎன்டியை வெளியிடும் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட், அதன் விதிகளைப் பிறரும் பயன்படுத்த விட்ட பழைய திறந்த உரிமத்தை 2023 ஜனவரியில் இறுக்கப் பார்த்தது. ரசிகர்களும் சிறு பதிப்பாளர்களும் எதிர்த்து நின்றார்கள். அந்த மாதமே எஸ்ஆர்டி 5.1 முழுவதும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வந்தது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு மாற்றலாம், விற்கலாம். கொடுத்ததைத் திரும்பப் பெறவும் முடியாது.

கெடிலக்கரை:
அக்கா, நிரலைப் பற்றி நீங்கள் சொன்னது நான் சொன்னதுதானே. அப்படியானால் கடையில் காசு கொடுத்து வாங்குவதுதான் பத்திரம். அதை அந்த நிறுவனமே சோதித்துத் தருகிறது.

சோலைநகர் அக்கா:
சோதித்துத் தருகிறது, சரி. ஆனால் எவ்வளவு காலம் அதே மாதிரி வைத்திருக்கும்? விஸார்ட்ஸின் சொந்தத் தளமான டிஎன்டி பியாண்டில் முன்பு ஒரு புத்தகத்திலிருந்து ஒரே ஒரு சப்கிளாஸை (வீரர் வகையின் ஓர் உட்பிரிவை) மட்டும் வாங்கலாம். 2024-இல் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், புதிய விதிநூல் வருகிறது என்பதால் கேரக்டர் ஷீட்டில் இருக்கும் பழைய ஸ்பெல்களையும் மந்திரப் பொருள்களையும் புதியவற்றால் மாற்றப்போவதாக அறிவித்தார்கள். பழையது வேண்டுமென்றால் ஹோம்ப்ரூவாக நீங்களே எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். காசு கொடுத்தவர்கள் கொதித்தார்கள், சில நாளில் முடிவு திரும்பப் பெறப்பட்டது. வாங்கியதும் நம் கையில் இல்லை தம்பி.

ஊசுட்டேரி:
அப்போ வாங்கிய புத்தகத்தை ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றிவிடலாமே? எங்கள் குழுவில் ஒருவர் அப்படித்தான் செய்கிறார்.

சோலைநகர் அக்கா:
அதை நான் ஒருபோதும் ஒப்ப மாட்டேன். எழுதியவரும் ஓவியம் வரைந்தவரும் அதை நம்பிச் சாப்பிடுகிறார்கள். நாளைக்கு இந்தத் தம்பியின் அரிக்கமேட்டு மேப்பை யாராவது இப்படி எடுத்துப் பரப்பினால் நமக்கு எப்படி இருக்கும்?

தேங்காய்த்திட்டு டிஎம்:
அக்கா பிரித்துக் காட்டிய பிறகு 11 மாட்யூல்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஏழு வெறும் அலங்காரம், எடுத்துவிட்டேன். கெடிலக்கரைக்காக மழையையும் எடுத்துவிட்டேன், மழைச் சத்தத்தை நான் வாயால் சொல்லிக்கொள்கிறேன். பிசாசு மாட்யூலும் போயிற்று. சரக்குக் கணக்கு இனி எல்லோரும் பார்க்கும் ஒரு சாதாரண ஷீட்டில் இருக்கும். ஓதத்தை மட்டும் விட மாட்டேன். தண்ணீர் இறங்கி, படகு சேற்றில் தட்டி நிற்கும்போது பின்னால் துரத்துகிறவர்கள் வருவதுதான் இந்தக் கதையின் உயிர்.

கெடிலக்கரை:
ஓதத்துக்கு எதற்கு அண்ணா நிரல்? நம் கரையில் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் ஏறும், ஆறு மணி நேரம் இறங்கும். காகிதத்தில் ஒரு வட்டம் போட்டுப் பன்னிரண்டு பாகமாகப் பிரித்து, ஆட்டத்தில் ஒரு மணி நேரம் போனால் முள்ளை ஒரு பாகம் நகர்த்துங்கள். முள் எங்கே நிற்கிறது என்று எங்களுக்கும் தெரிந்தால் பயம் இன்னும் கூடும்.

தேங்காய்த்திட்டு டிஎம்:
முள் எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. வட்டத்தை வரைந்து அனுப்பு. இந்த ஞாயிறு ஓத மாட்யூலை அணைத்து வைத்து ஆடிப் பார்ப்போம், சரிவராவிட்டால் அடுத்த வாரம் திரும்பப் போடுவேன். அப்புறம், உன் பையில் இருந்த நாற்பது பச்சை மணிகளும் இரண்டு மதுச்சாடிகளும் என் நோட்டில் இருக்கின்றன. ஷீட்டில் ஏற்றிவிட்டேன். மற்ற இருவரையும் அவரவர் பையில் என்ன இருந்தது என்று எழுதி அனுப்பச் சொல்.