கம்போடியா பயணம்: பணம் தருவதற்கு முன்னால் ஒரு வார்த்தை

அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்துப் பிள்ளைகள் எட்டுப் பேர் விடுமுறையில் கம்போடியா போய், ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் இரண்டு வாரம் ஆங்கிலம் சொல்லித்தரப் போகிறார்கள், பாதிச் செலவைச் சங்கம் ஏற்க வேண்டும் என்று அக்கா எழுதிய மடலுக்கு வாழ்த்துகள் குவிந்துகொண்டிருக்கின்றன. இந்த நேரத்தில் நான் ஒருவன் மறுத்துப் பேசுவது சங்கடமாகத்தான் இருக்கிறது. அக்கா தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் நல்ல மனசோடுதான் கிளம்புகிறார்கள். ஆனால் இதே வேலையை ஒருமுறை செய்துவிட்டு வந்தவன் நான்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், கூட வேலை பார்த்த நான்கு பேரோடு கம்போடியாவின் சியெம் ரீப் நகரம் பக்கம் ஓர் இல்லத்துக்குப் போயிருந்தேன். முதல் நாள் வகுப்பில், ஏழெட்டு வயதுப் பையன் ஒருவன் தன் நோட்டை நீட்டினான். முதல் பக்கத்தில் நீல மையில் ஏ ஃபார் ஆப்பிள், பி ஃபார் பால். நாலு பக்கம் தள்ளி மறுபடியும் ஏ ஃபார் ஆப்பிள், பச்சை மையில், வேறு கையெழுத்தில். அப்புறம் இன்னொன்று, ஆப்பிள் படத்தோடு. எண்ணிப் பார்த்தேன். ஒன்பது கையெழுத்துகள். எதுவும் ‘ஹெச்’சைத் தாண்டவில்லை. பத்தாவதாக நானும் ஏ ஃபார் ஆப்பிள் என்றுதான் எழுதிக்கொடுத்தேன். எனக்கு அவர்கள் பேசும் கெமர் மொழியில் ஒரு சொல் தெரியாது, வாத்தியார் வேலையும் தெரியாது. வேறு என்னத்தை எழுதுவது?

கடைசி நாள் எல்லோரும் அழுதோம். நாங்கள் வண்டி ஏறும்போதே அடுத்த குழு பெட்டியோடு வந்து இறங்கியது. எங்களுக்குப் பாடிய வரவேற்புப் பாட்டைப் பிள்ளைகள் அப்படியே அவர்களுக்கும் பாடினார்கள்.

அதைவிட உறுத்தியது இன்னொன்று. நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பையனைப் பார்க்க ஒரு பெண் சைக்கிளில் வந்தாள். அவனுடைய அம்மாவாம். அப்பாவும் இருக்கிறாராம். அப்புறம் எதற்கு இங்கே என்று கேட்டால், இங்கே இருந்தால் படிப்பு கிடைக்கும் என்றார்கள். ஏதோ அந்த ஒரு வீட்டுக் கதை என்று அப்போது விட்டுவிட்டேன். ஊர் திரும்பித் தேடிப் படித்த பிறகுதான் தெரிந்தது, கம்போடியாவில் இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் பல வருஷமாகச் சொல்லிவருவது. 2005க்கும் 2010க்கும் இடையில் அங்கே இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவீதம் ஏறியது. அத்தனை பிள்ளைகள் திடீரென்று அநாதையாகிவிடவில்லை. சுற்றுலா வருகிறவர்களும் தன்னார்வலர்களும் கொண்டுவரும் பணம் இல்லத்துக்குத்தான் போகிறது, குடும்பத்துக்குப் போவதில்லை. ஆகவே பிள்ளை அந்தப் பக்கம் நகர்கிறது. நேபாளத்திலும் இதே கதைதான். 2017இல் ஆஸ்திரேலிய நாடாளுமன்றக் குழு ஒன்று நவீன அடிமைத்தனம் பற்றிய தன் அறிக்கையில் இந்த இல்லச் சுற்றுலாவையும் சேர்த்தே பேசியது. அக்கா சொல்லும் இல்லம் அப்படிப்பட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே இருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேருக்குப் பெற்றோர் உண்டு, வீட்டுக்குத் திருப்பி அனுப்ப என்ன முயற்சி நடக்கிறது என்று கேட்டு ஒரு மடலாவது போடலாம். யார் எவர் என்று விசாரிக்காமலே எட்டு வெளியாட்களைப் பிள்ளைகளோடு தங்கவிட ஒரு இல்லம் சம்மதிக்கிறது என்றால் அதுவே எனக்கு இடிக்கிறது.

சரி, போக வேண்டாம், புத்தகம் வாங்கி அனுப்பிவிடுவோம் என்று பொருளாளர் அண்ணன் சொன்னார். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1996இல் கென்யாவின் பூசியா, தேசோ பகுதிகளில் நூறு பள்ளிகளை எடுத்துக்கொண்டு, முதலில் அதில் 25 பள்ளிகளுக்கு மட்டும் பாடப்புத்தகங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். ஆய்வு செய்தவர்களில் ஒருவர் மைக்கேல் கிரேமர், 2019இல் பொருளாதாரத்துக்கான நோபல் வாங்கியவர். புத்தகம் கிடைத்தும் சராசரி மதிப்பெண் ஏறவே இல்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் மட்டும் இன்னும் கொஞ்சம் முன்னேறினார்கள். காரணம் எளிது: புத்தகம் ஆங்கிலத்தில் இருந்தது, அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. வீட்டில் ஒரு மொழி, வெளியில் சுவாஹிலி, பள்ளிக்கூடத்தில் இது. படிக்கத் தெரியாத பிள்ளையின் கையில் புதுப் புத்தகம் இருந்து என்ன பயன்? அதே பகுதியில் குடற்புழு மாத்திரை கொடுத்த பள்ளிகளில் பிள்ளைகள் வராமல் போவது கால் பங்கு குறைந்தது. மாத்திரை கொடுப்பதைப் படம் எடுத்துப் போட்டால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

எனக்குப் பிடித்த உதாரணம் மும்பையிலும் வடோதராவிலும் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு நடத்திய ‘பால்சகி’ (பிள்ளைகளின் தோழி) திட்டம். மூன்றாம், நான்காம் வகுப்பில் பின்தங்கிய பிள்ளைகளைப் பதினைந்து இருபது பேர் கொண்ட குழுக்களாக, தினமும் இரண்டு மணி நேரம் தனியாக உட்காரவைத்து எழுத்தும் கணக்கும் அடியிலிருந்து சொல்லித்தந்தார்கள். சொல்லித்தந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அதே பேட்டையைச் சேர்ந்த, பள்ளிப் படிப்பு முடித்த பெண்கள். வருஷத் தொடக்கத்தில் அவர்களுக்குக் கிடைத்த பயிற்சி இரண்டே வாரம். நம் பிள்ளைகள் போகவிருப்பதும் அதே இரண்டு வாரம்தான். ஆனால் அந்தப் பெண்கள் வருஷம் முழுக்க அங்கேயே இருந்தார்கள், பிள்ளைகளின் மொழியில் பேசினார்கள். மதிப்பெண் ஏறியது, அதுவும் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கு அதிகமாக. இதன் வளர்ந்த வடிவம் இப்போது ஜாம்பியா வரை போயிருக்கிறது. எந்த வகுப்பு என்று பார்க்காமல், எந்த அளவுக்குப் படிக்கத் தெரியும் என்று பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து உட்காரவைப்பதுதான் அதன் உயிர்.

அதனால் என் யோசனை இது. எட்டு விமானச் சீட்டுக்கு ஆகும் பணத்தை அப்படியே எடுத்து, உள்ளூர் ஆட்களையே ஆசிரியர்களாக வைத்து நடத்தும் ஓர் அமைப்புக்குச் சம்பளப் பணமாகக் கொடுப்போம். ஒரே தடவையில் வேண்டாம், மூன்று வருஷத்துக்குப் பிரித்து. முதல் வருஷம் கொடுத்துவிட்டு இரண்டாம் வருஷம் நாம் காணாமல் போனால் அந்த ஆசிரியை நடுத்தெருவில் நிற்பாள். மெக்சிகோவில், நம்மைப் போலவே அமெரிக்காவில் சிதறிக் கிடக்கும் மெக்சிகோக்காரர்களின் ஊர்ச் சங்கங்கள் சொந்த ஊர் வேலைகளுக்குப் போடும் ஒவ்வொரு டாலருக்கும் மத்திய அரசு, மாநில அரசு, நகராட்சி என்று மூவரும் ஒவ்வொரு டாலர் சேர்த்துப் போடும் திட்டம் ஒன்று 2002இல் நாடு முழுக்க வந்தது. நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஆனால் அங்கே பணம் எங்கே போனது என்று பார்க்க ஊரிலேயே ஒரு குழு இருந்தது பாருங்கள், அதையாவது காப்பி அடிக்கலாம்.

பிள்ளைகளைச் சும்மா உட்காரச் சொல்லவில்லை. நாம் இருக்கும் ஒவ்வொரு நகரத்திலும் புதிதாக வந்த அகதிக் குடும்பங்கள் இருக்கின்றன. வீட்டுப்பாடத்துக்குத் துணை தேடும் பிள்ளைகள் அங்கே உண்டு. வாரம் ஒரு மணி நேரம், ஒரு வருஷம், நடுவில் விடாமல். இதற்கு எட்டுப் பேரில் எத்தனை பேர் கை தூக்குகிறார்கள் என்று அக்காவே கேட்டுச் சொல்லட்டும். இரண்டு பேர் தேறினாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் இதைப் பேச ஒரு பத்து நிமிஷம் ஒதுக்கித் தாருங்கள், செயலாளர் அண்ணா. அந்த நோட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறேன். மேலட்டையில் பையனின் பெயர் இருப்பதால் இங்கே இணைக்கவில்லை.

அன்புடன்,
உங்கள் தம்பி