எக்ஸ்230 லேப்டாப்புக்கு ரேம்: 8 போதுமா, 16 வேண்டுமா?

வைகைக்கரை: என்னிடம் இருப்பது 2012இல் வந்த திங்க்பேட் எக்ஸ்230. ஐ5-3320எம் பிராசஸர், ஒரே ஸ்டிக்காக 4 ஜிபி ரேம், பழைய ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10. குரோமில் பத்திருபது டேப், ஒரு எக்செல், இடையில் ஜூம் வகுப்பு. டேப் மாற்றினாலே டிஸ்க் விளக்கு விடாமல் எரிகிறது. லினக்ஸ் பழக வர்ச்சுவல்பாக்ஸும் (விண்டோஸுக்குள்ளேயே இன்னொரு சிஸ்டத்தை ஓட்டும் மென்பொருள்) போட ஆசை. 8 ஆக்கினால் போதுமா, 16 வரை போகலாமா?

கஞ்சன்: 8 போதும். இன்னொரு 4 ஜிபி ஸ்டிக் வாங்கிக் காலி ஸ்லாட்டில் செருகுங்கள். உங்கள் பிராசஸரில் இருப்பதே இரண்டு கோர் (வேலையைச் செய்யும் பகுதி). 16 ஜிபி நிறைகிற அளவுக்கு வேலை கொடுத்தால் ரேமுக்கு முன்பே அது திணறிவிடும். மிச்சக் காசுக்கு, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) வாங்குங்கள். இந்த மாடலில் 7 மி.மீ. தடிமன் டிஸ்க்தான் உட்காரும், பார்த்து வாங்கவும்.

ராக்கோழி: எஸ்எஸ்டி சரி, மற்றது மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு. திறந்து வைத்து மறந்துபோன டேப் பெரும்பாலும் கோரைத் தொடுவதில்லை, ரேமை மட்டும் பிடித்துக்கொண்டு கிடக்கும். வர்ச்சுவல்பாக்ஸில் லினக்ஸுக்கு 2 ஜிபி ஒதுக்கினால் அது ஓடும்வரை அந்த 2 ஜிபி போனது போனதுதான். இரண்டு ஸ்லாட்டிலும் 8 போட்டு 16 ஆக்குங்கள். அந்த மெஷினின் உச்சவரம்பும் அதுதான்.

கஞ்சன்: உச்சவரம்பு இருக்கிறது என்பதற்காக அதைத் தொட வேண்டுமா? விண்டோஸ் ஹைபர்னேட் கோப்பு (ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு மெஷினை அணைப்பதற்கானது) பொதுவாக ரேமில் 40 சதவீதம். 16 ஜிபி என்றால் 6.4 ஜிபி. சின்ன எஸ்எஸ்டி வாங்கப்போகிறவருக்கு அது சும்மா கிடைக்கிற இடமா?

ராக்கோழி: ஹைபர்னேட் வேண்டாம் என்றால் ஒரே கட்டளையில் நிறுத்தலாம். இதெல்லாம் ஒரு காரணமா ஐயா!

பழைய சாமான்: இருவரும் ஊகத்தில் சண்டை போடுகிறீர்கள். வைகைக்கரை, வழக்கமான வேலை எல்லாம் ஓடும்போது டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபாமன்ஸ், மெமரி என்று போய் ‘கமிட்டட்’ எண் எவ்வளவு என்று சொல்லுங்கள். வர்ச்சுவல்பாக்ஸ் இல்லாமல் பாருங்கள்.

வைகைக்கரை: 7.2 / 9.4 ஜிபி என்று காட்டுகிறது சார்.

ராக்கோழி: பார்த்தீர்களா? இருப்பது 4, கேட்பது 7.2 (9.4 என்பது டிஸ்க்கில் ஒதுக்கிய இடத்தையும் சேர்த்த வரம்பு). மிச்சத்துக்குத்தான் டிஸ்க்கைப் போட்டு அடிக்கிறது. 8 போட்டால் இன்றைய வேலைக்கே ஒட்டுக்கு ஒட்டு, அதற்கு மேல் வர்ச்சுவல்பாக்ஸ் எங்கே உட்காரும்?

கஞ்சன்: கமிட் என்பது புரோகிராம்கள் கேட்டு வாங்கி வைத்திருக்கும் உத்தரவாதம். அவ்வளவையும் அவை தொடுவதில்லை. குரோமும் கேட்பதில் ஒரு பகுதியைப் பயன்படுத்தாமலே வைத்திருக்கும். 7.2 கமிட்டுக்கு 8 ஜிபி தாராளம். இன்னொன்று, விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11 இந்தத் தலைமுறை பிராசஸரை ஏற்காது. எப்படியும் லினக்ஸ் வகைகளில் ஒன்றான மின்ட்டுக்குத்தான் போகப்போகிறார். அப்புறம் வர்ச்சுவல்பாக்ஸே எதற்கு?

ராக்கோழி: கடைசிக் கேள்வி நியாயம். ஆனால் மின்ட்டுக்குப் போனாலும் குரோம் அதே குரோம்தான். சிஸ்டம் மிச்சம் பிடிப்பதை நாலு டேப் தின்றுவிடும்.

பழைய சாமான்: ஏன் 8, 16 என்று இரண்டிலேயே நிற்கிறீர்கள்? இருக்கிற 4 ஜிபி இருக்கட்டும். ஒரே ஒரு 8 ஜிபி ஸ்டிக் வாங்கினால் 12. ஒரு ஸ்டிக்கின் செலவுதான். வாங்கும்போது லேபிளைப் பாருங்கள்: பிசி3எல்-12800எஸ் என்று இருந்தால் 1.35 வோல்ட் டிடிஆர்3எல் (குறைந்த மின்னழுத்தத்தில் ஓடும் ரேம் வகை). உங்கள் மெஷின் 1.5 வோல்ட், 1.35 இரண்டையும் ஏற்கும். இன்டெல் நான்காம் தலைமுறை பிராசஸர் உள்ள லேப்டாப்புகள் 1.35 மட்டும்தான் ஏற்கும் என்பதால் இந்த ஸ்டிக்கை நாளைக்கு வேறு மெஷினுக்கும் மாற்றலாம். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் ஒரு ராத்திரி முழுக்க மெம்டெஸ்ட் (ரேமைச் சோதிக்கும் மென்பொருள்) ஓட்டிவிட்டுத்தான் நம்ப வேண்டும்.

ராக்கோழி: 4உம் 8உம் கலந்தால் டூயல் சேனல் (இரண்டு ஸ்டிக்கையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும் வேகம்) போய்விடுமே? அதில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லை. பிராசஸரிலேயே இருக்கும் எச்டி 4000 கிராஃபிக்ஸ் ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது, வேகம் அடிபடும்.

பழைய சாமான்: முழுக்கப் போகாது. இன்டெல் இதை ஃப்ளெக்ஸ் மெமரி என்கிறது. 4க்கு 4 ஜோடி சேர்ந்து முதல் 8 ஜிபி டூயல் சேனலில் ஓடும், மிஞ்சிய 4 மட்டும் ஒற்றைச் சேனல். கேம் விளையாடாதவர் இதைக் கண்டுபிடிக்கவே மாட்டார். இப்போது ஒரே ஸ்டிக்கில் ஓட்டுகிறாரே, அதுதான் முழு ஒற்றைச் சேனல்.

கஞ்சன்: 12க்கு நான் சண்டை போடவில்லை. ஆனால் காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலில் எஸ்எஸ்டி.

ராக்கோழி: இல்லை, முதலில் ரேம். ரேம் பற்றாமல் எஸ்எஸ்டியில் ஸ்வாப் (டிஸ்க்கையே ரேம்போல் பயன்படுத்துவது) அடித்துக்கொண்டிருப்பது எனக்கு ஒப்பவில்லை.

வைகைக்கரை: 8 ஜிபி ஒன்று வாங்குகிறேன். எஸ்எஸ்டி அடுத்த மாதச் சம்பளத்தில். அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன், பழைய ஸ்டிக்கில் பிசி3-10600எஸ் என்று இருக்கிறது. அதோடு 12800 சேருமா?

பழைய சாமான்: சேரும். இரண்டும் பழைய ஸ்டிக்கின் வேகமான 1333இல் ஓடும். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள்.