பொருள்: கவர்டு ஸ்டென்ட் – ‘உறைக்குழல்’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

அடைபட்ட ரத்தநாளத்தைத் திறந்து வைக்க உள்ளே வைக்கும் கம்பி வலைக்குழல் ஸ்டென்ட்; அதன்மேல் சவ்வு போர்த்தியது கவர்டு ஸ்டென்ட். அதற்கு நம் கலைச்சொல் குழுவில் போன வாரம் முடிவான ‘மூடிய தாங்குகுழல்’ என்ற சொல்லை அப்படியே நோயாளி கையெழுத்திடும் ஒப்புதல் படிவத்தில் எழுதி மகளிடம் கொடுத்தேன். அவள் ரத்தநாள அறுவை மருத்துவர். மூன்றே நாளில் படிவம் திரும்பி வந்துவிட்டது. பர்கூர்ப் பக்கத்துப் பெரியவர் ஒருவர், நாற்பது வருடம் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் வேலை பார்த்தவர், பீடியை விடாதவர். கொஞ்ச தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது, நின்றால் விட்டுவிடுகிறது. இடுப்புத் தமனியில் அடைப்பு. படிவத்தைப் படித்துவிட்டு, “அடைப்பை எடுக்கத்தானே வந்தேன், மூடிய குழாயை எதற்கு உள்ளே வைக்கிறீர்கள்?” என்று கேட்டாராம்.

அவர் கேட்டதில் தப்பில்லை. மூடிய பானை, மூடிய கதவு என்றால் வாய் அடைத்தது என்றுதான் பொருள். இங்கே இரண்டு வாயும் திறந்தே இருக்கின்றன, சுவரில்தான் துணி.

மகள் மாதிரி ஒன்றை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்திருக்கிறாள். விரல் நீளக் கம்பி வலைக்குழல், அதன்மேல் வெள்ளைச் சவ்வு. ஒட்டாத தோசைக்கல்லில் பூசுகிறார்களே, அதே பொருளை இழுத்து நீட்டிச் செய்த சவ்வு. வெறும் வலையாக இருந்தால் கம்பி இடுக்கு வழியே சதை வளர்ந்து நாளடைவில் மறுபடியும் அடைத்துக்கொள்ளும். சவ்வு அதைத் தடுக்கிறது. பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாராம்: “இது கேசிங் பைப்தானே?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போர் போடும்போது மேல்மண் சரியாமலிருக்கப் பாறை தட்டும்வரை கேசிங் இறக்குகிறோம். அளவுக்கு மீறி இறக்கினால் பக்கத்து ஊற்றும் அடைபட்டுப் போகும். இந்தக் குழலுக்கும் அதே சங்கடம் உண்டு: பெரிய தமனியிலிருந்து பிரியும் கிளைகளின் வாயைச் சவ்வு மூடிவிடக்கூடும். அடைப்பைச் சுற்றிக்கொண்டு காலுக்கு ரத்தம் கொண்டுபோவது பல நேரம் அந்தக் கிளைகள்தான். அரைப் பக்கத்தில் நான் விளக்க முயன்றதை அவர் இரண்டு சொல்லில் முடித்துவிட்டார்.

கேசிங்குக்கு முந்தைய தமிழ் நம்மிடம் இருக்கிறது: உறை. மணற்பாங்கான இடத்தில் கிணற்றுச் சுவர் சரியாமல் உள்ளே இறக்கும் சுடுமண் வளையம் அது. கீழடியில் தோண்டியபோதும் கிடைத்தது. தலையணைக்குப் போடுவதும் உறையே. உள்ளிருந்து தாங்குவது, மேலே போர்த்துவது என்று இரண்டு பொருளும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ஆகவே என் முன்மொழிவு ‘உறைக்குழல்’.

ஆங்கிலத்தில் ஸ்டென்ட்டுக்கு வேர்ப்பொருள் தேடி வருந்த வேண்டாம். 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சார்லஸ் ஸ்டென்ட் என்ற லண்டன் பல் மருத்துவரின் பெயர் அது. பல் அச்செடுக்கும் கலவை ஒன்றைச் செய்தவர். பெயரை மொழிபெயர்ப்பது வீண் வேலை.

இந்தக் கருவிக்கு ஸ்டென்ட் கிராஃப்ட் (கிராஃப்ட் என்றால் ஒட்டு) என்ற பெயரும் இருப்பதால் ‘ஒட்டுக்குழல்’ வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்தார். சந்தூரில் போய் ஒட்டு என்று சொல்லிப் பாருங்கள், மாங்கன்றைக் கையில் கொடுப்பார்கள். ஒட்டு என்றால் இரண்டு உயிர் ஒன்றாய்த் தழைக்க வேண்டும். சவ்வு தழைக்காது.

– கிருஷ்ணகிரியிலிருந்து

*

ஐயா, கேசிங் உவமை அருமை. ஆனால் ஒரு பயம். ரத்தம் உறைவதும் ‘உறை’தான். உறைபனி, உறைநிலை போல ‘உறைகுழல்’ என்று யாராவது எழுதினால் ரத்தம் உறைகிற குழல் என்றாகிவிடும். எந்த ஸ்டென்ட்டிலும் நாம் அஞ்சுவது அதைத்தானே? அதைத் தவிர்க்கத்தானே மாத்திரை கொடுக்கிறார்கள்?

– தருமபுரி

*

அம்மா, அதனால்தான் நடுவில் ‘க்’ போட்டேன். ஒற்று மிகுந்தால் பெயர், மிகாவிட்டால் வினைத்தொகை. முப்பது வருடம் பாடம் நடத்திய திமிரில் அது போதும் என்று நினைத்துவிட்டேன். உங்கள் மடலைப் பார்த்தபின் பழைய செய்தித்தாள்களைப் புரட்டினேன். உறைக்கிணற்றையே பாதிப் பேர் ‘உறைகிணறு’ என்று அச்சிட்டிருக்கிறார்கள். ஓர் ஒற்றை நம்பி நோயாளியிடம் கையெழுத்து வாங்க முடியாது.

படிவத்தில் ‘உறை போட்ட வலைக்குழல்’ என்று மாற்றிவிட்டேன். நீளம்தான், இருக்கட்டும். வலை என்ற சொல் மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிறது. “நெஞ்சில் வலை வைத்திருக்கிறது” என்றுதானே சொல்கிறார்கள்?

இன்னொன்று. இதே சிகிச்சையில் கருவிகளை உள்ளே அனுப்பத் தொடை இடுக்கு வழியே முதலில் செருகும் ஷீத் என்ற குழாய்க்கும் நம் பழைய பட்டியலில் ‘உறை’ என்றே இருக்கிறது. ஒரே பக்கத்தில் இரண்டு உறை வரக்கூடாது. ‘நுழைகுழல்’ என்று மாற்றலாமா? இங்கே ஒற்று மிகாது, வினைத்தொகைதான்.

– கிருஷ்ணகிரியிலிருந்து