அலமேலுவைத் தெரியும், மஞ்சுவைத் தெரியுமா?

பாலக்கோட்டிலிருந்து:
என் அம்மாவுக்கு ஸ்ரீபிரியா என்றால் அலமேலுதான். 1977இல் வந்த 'ஆட்டுக்கார அலமேலு'வை எங்கள் ஊர் டூரிங் கொட்டகையில் நான்கு தடவை பார்த்தாராம். அப்போது அவருக்குப் பன்னிரண்டு வயது. பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தி, ஆடு மேய்க்க விட்டிருந்தார்கள். ஆடு மேய்க்கிறவளே கதாநாயகி என்பதை அவரால் நம்ப முடியவில்லை. படம் பார்த்த வேகத்தில் வீட்டுக் கிடாவுக்கு வித்தை பழக்கப் போய், அது பக்கத்து வீட்டுக்காரரை முட்டிவிட, தாத்தாவிடம் செமத்தியாக வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருஷமே அதே நடிகை 'அவள் அப்படித்தான்' மஞ்சுவாக வந்தது அம்மாவுக்குப் போன மாதம்வரை தெரியாது. போனில் போட்டுக் காட்டினேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டு, "யாரும்மா இது, இவ்வளவு கோவமா இருக்கா?" என்றார். மஞ்சுவை அப்போதே தியேட்டரில் பார்த்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா?

ஊத்தங்கரையிலிருந்து:
நான் பார்த்தேன். ஓய்வு பெற்ற ஆசிரியர். 1978 தீபாவளிக்கு வந்த படம். நான் சேலத்தில் படித்துக்கொண்டிருந்தேன். கமல், ரஜினி இரண்டு பேரும் இருக்கிறார்கள் என்று விடுதியிலிருந்து கூட்டமாகப் போனோம். இயக்குநர் ருத்ரய்யாவின் பெயர் எங்களில் ஒருவனுக்கும் தெரியாது. சண்டை இல்லை, கலரும் இல்லை. விளம்பரக் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு பெண், எதிரில் இருப்பவன் யாரானாலும் பட்டென்று பேசுகிறாள். ரஜினிக்கு ஓர் அறை விழும் பாருங்கள், அதுவரை விசிலடித்தவர்கள் கப்சிப். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். நான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன், ஆனால் ரசித்து அல்ல. 'இவளுக்கு என்ன இவ்வளவு திமிர்' என்ற எரிச்சல்தான். ஊருக்குப் போகும் பஸ் மஞ்சவாடி கணவாயில் ஏறி இறங்கும்வரை நண்பனிடம் அதையே புலம்பிக்கொண்டு வந்தேன்.

சொல்ல வந்தது அதுவும் இல்லை. சில வருஷம் கழித்து அரூர் பக்கம் எனக்குப் பெண் பார்க்கப் போனார்கள். டீச்சர் டிரெய்னிங் முடித்த பெண். காபி கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்று, "கல்யாணத்துக்கு அப்புறம் வேலைக்குப் போகலாம்தானே?" என்று என்னிடமே கேட்டார். அப்பா முகம் மாறிவிட்டது. வெளியே வந்ததும் நண்பன் சொன்னான், "டேய், மஞ்சுடா!" அவ்வளவுதான், அந்தச் சம்பந்தம் முடிந்தது. நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அப்புறம் பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும், தர்மபுரியில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு. பாடம் எடுக்க வந்தவர் அவர்தான். என்னை அடையாளம் தெரிந்ததா தெரியாது. மூன்று நாளும் கடைசி பெஞ்சை விட்டு நான் நகரவில்லை.

பாலக்கோட்டிலிருந்து:
ஐயா, போய்ப் பேசியிருக்கலாமே?

ஊத்தங்கரையிலிருந்து:
என்னவென்று பேசுவதம்மா?

அரூரிலிருந்து:
ஐயா, எங்கள் ஊர்ப் பெண் என்று படித்ததும் யாராக இருக்கும் என்று மண்டை குடைகிறது. சரி, கேட்க மாட்டேன்.

நான் நர்ஸ், கிருஷ்ணகிரியில் வேலை. ஸ்ரீபிரியா இயக்கிய 'மாலினி 22 பாளையங்கோட்டை' 2014இல் வந்தது. அதில் நித்யா மேனன் நர்ஸ். ஏமாற்றிச் சீரழித்தவனை அவளே தேடிப் போய்ப் பழிவாங்குவாள். அதைப் பார்த்துவிட்டு, நர்ஸ் வேலையே வேண்டாம் என்று வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்று எனக்குப் பயம். டிவியில் போட்டபோது பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, வாயில் வெற்றிலையோடு அசையாமல் முழுப் படமும் பார்த்தார். அந்தப் பழிவாங்கும் இடத்தில் நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

முடிந்ததும், "யாரு எடுத்தது?" என்றார்.

"ஆட்டுக்கார அலமேலுவா நடிச்சாங்களே, அவங்கதான் பாட்டி."

"அவளா?" என்று கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்போ ஆட்டையெல்லாம் வித்துட்டாளா?"