அப்பாவின்ர அஸ்பிரினை நிப்பாட்டுறதா, தொடர்ந்து குடுக்கிறதா? (வயசு 73, சீனி, பிரஷர்)

பாலையூற்றுப் பிள்ளை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அப்பாக்கு 73 வயசு. துறைமுகத்தில ஸ்டோர் கீப்பரா இருந்து பென்சன் எடுத்தவர். சீனி வருத்தமும் பிரஷரும் இருக்கு, ரெண்டும் கட்டுப்பாட்டிலதான். மாசத்துக்கு ஒருக்கா கிளினிக். சீனிக்கு மெட்போமின், பிரஷருக்கு ஒண்டு, கொலஸ்ட்ரோலுக்கு ஒண்டு, அதோட இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்தச் சின்ன அஸ்பிரின், 75 மில்லிகிராம். அது எப்ப தொடங்கினது, ஏன் தொடங்கினது எண்டு வீட்டில ஒருத்தருக்கும் ஞாபகமில்லை. நான் கலியாணம் கட்டிப் போகேக்கையும் அது மேசையில இருந்தது, பிள்ளையளோட திரும்பி வரேக்கையும் இருந்தது.

போன மாசம் ஒரு வெள்ளிக்கிழமை அவரைக் கோணேசர் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். கோட்டை வாசல்ல இருந்து நடந்துதான் ஏறுவார், ஓட்டோ எண்டால் கோவம் வரும். இந்தமுறை பாதி ஏத்தத்தில நிண்டு, "மானைப் பார் பிள்ளை" எண்டார். பாத்தன். இன்னும் கொஞ்சம் போய்த் திரும்ப நிண்டார், திரும்பவும் மான். மூண்டாந்தரம் நிக்கேக்க அங்க மானே இல்லை. ஆளின்ர முகம் வெளிறிப்போய், சேட்டுக்குள்ள நெஞ்சு ஏறி இறங்குது.

ரத்தம் சோதிச்சுப் பாத்தம். ஹீமோகுளோபின் 9.4. ஆம்பிளைக்கு 13க்குக் கீழ போனாலே ரத்தச்சோகைதானாம்.

கனடாவில இருக்கிற தம்பி ரிப்போர்ட்டை வட்ஸ்அப்பில பாத்திட்டு உடனே கோல் எடுத்தான். "வயசுபோனவைக்கு அஸ்பிரின் கூடாதெண்டு எப்பவோ ஆராய்ச்சி வந்திட்டுது, இண்டைக்கே நிப்பாட்டு" எண்டு கத்துறான். அம்மா குளிசைப் பையைக் கொண்டுபோய் சாமி அறைக்குள்ள வைச்சிட்டா. அதை விட்டால் ரத்தம் கட்டிப்போகுமாம். அடுத்த கிளினிக்குக்கு இன்னும் மூண்டு கிழமை இருக்கு. அங்கயும் காலமை ஆறு மணிக்கு நம்பர் எடுத்தால் டொக்டரோட கதைக்கிறது ரெண்டு நிமிசம்.

அப்பிடி என்ன ஆராய்ச்சி வந்தது? அதுக்கும் இந்த 9.4க்கும் தொடர்பிருக்கா? விசயம் தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

அலஸ்தோட்டம்:

தயவுசெய்து நிப்பாட்டாதேங்கோ. எங்கட மாமா வயித்தெரிவு எண்டு அஸ்பிரினை விட்டவர். மூண்டாங்கிழமை நெஞ்சுவலி வந்து ஐசியுவில கிடந்தார். கனடாவில இருந்துகொண்டு சொல்லுறது லேசு.

பழைய மருந்தாளன்:

பிள்ளை, நான் 31 வருடம் அரச மருந்தகங்களில் குளிசை எண்ணியவன். மூதூர், தம்பலகாமம், கடைசியில் பட்டணம். டொக்டர் இல்லை. அதை மனதில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதலில் என் கேள்வி. அப்பாவுக்கு எப்போதாவது மாரடைப்பு வந்ததா? பாரிசவாதம்? ஒரு பக்கம் விறைத்து, வாய் கோணி, அரை மணித்தியாலத்தில் சரியானது போல ஏதாவது? ஸ்டென்ட், பைபாஸ்? இதற்கு "ஓம்" என்றால் கதை ஒன்று, "இல்லை" என்றால் வேறு. குளிசை ஒன்றுதான், ஆனால் இந்த இரண்டு பேருக்கும் அது செய்கிற வேலை ஒன்றல்ல. தம்பியும் அம்மாவும் ஆளுக்கொரு கதையைச் சொல்கிறார்கள், இரண்டும் உண்மை.

அம்மாவின் பயத்துக்கு ஆதாரம் இருக்கிறது. 1988 இல் ஐசிஸ்-2 என்ற பெரிய ஆய்வு வந்தது. மாரடைப்பு என்று சந்தேகித்து அனுமதிக்கப்பட்ட 17,187 பேர். ஒரு மாதம் அஸ்பிரின் எடுத்தவர்களில், ஐந்து கிழமைக்குள் இதய, இரத்தக்குழாய் நோயால் இறந்தவர்கள் 9.4 சதவீதம். எடுக்காதவர்களில் 11.8. நாங்கள் "இரத்தம் இளக்கிற குளிசை" என்று சொல்லிக் கொடுத்துப் பழகிவிட்டோம், உண்மையில் அது இரத்தத்தைத் தண்ணீராக்குவதில்லை. இரத்தத்தை உறையவைக்கிற குருதிச் சிறுதட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதைத் தடுக்கிறது. ஒரு சிறுதட்டைப் பிடித்தால் அது சாகும்வரை விடாது, ஏழு முதல் பத்து நாள். இதயக் குழாயில் வெடித்த கொழுப்புத் திட்டின்மேல் இரத்தக்கட்டி பிடிக்காமல் காப்பதும் இதுதான். வயிற்றுப் புண்ணில் கசிவு நிற்காமல் செய்வதும் இதேதான்.

அடுத்த வருடமே அமெரிக்க ஆண் டொக்டர்கள் 22,071 பேரை வைத்துச் செய்த ஆய்வு முடிவு வந்தது. நோயே வராதவர்கள். மாரடைப்பு 44 சதவீதம் குறைந்தது. அதற்குப் பிறகு சீனி, பிரஷர் என்று வந்த எல்லாருக்கும் எழுதினார்கள், நானும் முப்பது முப்பதாக எண்ணிப் பையில் போட்டேன். அன்று அதுதான் சரி என்று நம்பினோம்.

2018 இல் மூன்று ஆய்வுகள் அடுத்தடுத்து வந்தன. அப்பாவுக்குப் பொருந்துவது இரண்டு.

அஸெண்ட் என்பது பிரித்தானியாவில் செய்தது. சீனி வருத்தம் இருந்து இதய நோய் வராத 15,480 பேர், சராசரியாக 7.4 வருடம். ஆயிரம் பேருக்குக் கணக்குப் போட்டால், மருந்தில்லாத சும்மா குளிசை எடுத்தவர்களில் 96 பேருக்கு மாரடைப்பு, பாரிசவாதம் மாதிரி ஏதாவது வந்தது. அஸ்பிரின் எடுத்தவர்களில் 85. ஆக 11 பேர் தப்பினார்கள். ஆனால் பெரிய இரத்தப்போக்கு 32 பேரிலிருந்து 41 பேராகக் கூடியது. கொடுத்ததும் எடுத்ததும் கிட்டத்தட்டச் சரி.

மற்றது அஸ்பிறீ. அவுஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,114 பேர், பெரும்பாலும் 70 வயதுக்கு மேல். இதில் இதயத்துக்குக் குறிப்பிடும்படி நன்மையே இல்லை. பெரிய இரத்தப்போக்கு வந்தவர்கள் அஸ்பிரின் பக்கம் 361, மறுபக்கம் 265. இதையெல்லாம் பார்த்துத்தான் 2022 இல் அமெரிக்காவின் தடுப்புச் சேவைக் குழு, 60 வயதுக்கு மேல் நோய் வராதவருக்கு இதைப் புதிதாகத் தொடங்க வேண்டாம் என்றது. 1989 இல் தெரிந்த நன்மை எங்கே போனது என்று கேட்பீர்கள். அன்றைக்குக் கொலஸ்ட்ரோல் குளிசை இந்த அளவில் பாவனையில் இல்லை, பிரஷரையும் இவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை, புகைக்கிறவர்களும் அதிகம். மற்ற மருந்துகள் பாதி வேலையைச் செய்துவிட்டால் அஸ்பிரினுக்கு மிச்சம் குறைவு.

ஒன்றைக் கவனியுங்கள். இவை பெரும்பாலும் தொடங்கலாமா என்ற கேள்விக்கு வந்த விடைகள். கனகாலம் எடுத்தவர் திடீரென விடுவது வேறு கேள்வி. சுவீடனில் 6 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பார்த்து 2017 இல் வெளியிட்டதில், விட்டவர்களுக்கு இதயப் பிரச்சினை 37 சதவீதம் கூடுதலாக வந்தது. முன்பே நோய் வந்தவர்களில் அது இன்னும் கூட. அலஸ்தோட்டத்து மாமாவுக்கு முதலே ஒருமுறை வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

இனி அப்பாவின் ஹீமோகுளோபின் 9.4. அஸ்பிறீ ஆய்வில் இருந்தவர்களையே மீண்டும் ஆராய்ந்து 2023 இல் ஒன்று வெளியிட்டார்கள். தினமும் சிறிய அளவு அஸ்பிரின் எடுத்தவர்களுக்கு இரத்தச்சோகை வரும் வாய்ப்பு 20 சதவீதம் கூட, உடம்பின் இரும்புச் சேமிப்பும் வேகமாகக் குறைந்திருந்தது. வாந்தியில் இரத்தம், கறுப்பு மலம் என்று ஒன்றும் தெரியாமலே சொட்டுச் சொட்டாகப் போகலாம்.

அதற்காகப் பழியை முழுக்க அஸ்பிரின்மேல் போட்டுவிட்டு வீட்டில் இருக்காதீர்கள். 73 வயது ஆணுக்கு இரும்பு குறைந்தால், எங்கிருந்து போகிறது என்று கமரா விட்டுப் பார்க்கவேண்டும். புண்ணாக இருக்கலாம், குடலில் கட்டியாகவும் இருக்கலாம். மூன்று கிழமை காக்கவேண்டாம், நாளைக்கே ரிப்போர்ட்டோடு ஓபிடிக்குப் போங்கள். மலம் தார் மாதிரிக் கறுத்திருந்தால் இன்றிரவே போங்கள். போகும்போது பழைய கிளினிக் கொப்பிகளைத் தேடி எடுங்கள். இன்னொன்று: முழங்கால் வலி, நாரிப்பிடிப்பு என்று வேறு ஏதாவது குளிசை எடுக்கிறாரா? நேராகக் கேட்டால் இல்லை என்பார். மேசை லாச்சியைத் திறந்து பாருங்கள்.

பாலையூற்றுப் பிள்ளை:

அண்ணை, உங்களை என்னெண்டு சொல்லுறது. லாச்சியில இருந்தது.

டைக்குளோபெனக். அட்டை அட்டையா. முழங்காலுக்கு எண்டு கடையில கேட்டு வாங்கிறவராம், டொக்டரின்ர துண்டு ஒண்டும் இல்லாமல். எவ்வளவு காலமா எண்டு கேட்டன். "சும்மா, குளிருக்க மட்டும்" எண்டார். திருக்கோணமலையில எங்க குளிர்? அம்மா பக்கத்தில நிண்டு, ரெண்டு வருசமா ஒவ்வொரு நாளும் எண்டு போட்டுக் குடுத்திட்டா.

கொப்பியள் ஒரு பெரிய பிஸ்கட் ரின்னுக்குள்ள. ஸ்டோர் கீப்பர்தானே, ஒண்டையும் எறியேல்லை, ஒவ்வொண்டிலயும் வருசம் எழுதி நூல் போட்டுக் கட்டி வைச்சிருக்கிறார். அஸ்பிரின் முதல்முதல் வாறது 2009 கொப்பியில, கிண்ணியாப் பாலம் திறந்த வருசம். அந்தப் பக்கத்தில சீனி அளவு, பிரஷர், ஈசிஜி நோர்மல், அவ்வளவுதான். மாரடைப்பும் இல்லை, பாரிசவாதமும் இல்லை. அம்மாட்டயும் கேட்டன், அப்பிடி ஒரு நாளும் நடக்கேல்லையாம். மூண்டு வருசத்துக்கு முந்தின கொப்பியில ஹீமோகுளோபின் 12.6.

மலத்தைப் பற்றிக் கேக்கத்தான் பெரிய பாடு. கடைசியா என்ர மகன் போய்க் கேட்டான், பேரனுக்கு மட்டும் மறுமொழி சொன்னார். கறுப்பு இல்லையாம்.

நாளைக்குக் காலமை போறம்.

உள்ளிப்பூடு:

ஏன் இந்த இங்கிலீசு மருந்தெல்லாம்? பச்சை உள்ளி ரெண்டு பல்லு வெறும் வயித்தில சாப்பிட்டால் ரத்தம் தானா இளகும்.

பழைய மருந்தாளன்:

9.4 இல் இருக்கிறவருக்கு வெறும் வயிற்றில் பச்சை உள்ளி. நல்லது தம்பி, அதைக் கறிக்குப் போடுவோம்.

பிள்ளை, டைக்குளோபெனக்கும் அஸ்பிரினும் சேர்ந்தால் வயிற்றுக்கு இரண்டு பக்கமும் அடி. சிறுநீரகத்துக்கும் கூடாது, பிரஷரையும் ஏற்றும். அந்த அட்டைகளையும் கையோடு கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வையுங்கள், வாயால் சொன்னால் மறந்துபோவீர்கள்.

கிண்ணியா நானா:

எங்கட வாப்பாக்கும் 70 தாண்டிட்டு. போன வருசம் கொழும்பில ஸ்டென்ட் ரெண்டு வெச்ச. அஸ்பிரினும், அதே மாதிரி ரத்தம் கட்டாம இரிக்கக் குடுக்கிற குளோபிடோகிறலும் குடிக்கிறார். நான் இத சத்தம் போட்டு வாசிச்சது பிழையாப் பெய்த்து, இப்ப ரெண்டையும் விடப் போறன் எண்டு நிக்கிறார்.

பழைய மருந்தாளன்:

விடவே கூடாது. உடனே போய்ச் சொல்லுங்கள். நான் மேலே எழுதிய 2018 ஆய்வுகள் ஒன்றும் வாப்பாவைப் பற்றியவை அல்ல, அவை நோய் வராதவர்களை வைத்துச் செய்தவை. ஸ்டென்டுக்குள் இரத்தம் கட்டினால் குழாய் ஒரேயடியாக அடைபடும், அது உயிர் போகிற விசயம். இரண்டில் ஒன்றை எப்போது குறைப்பது என்பதை இதய டொக்டர்தான் சொல்லவேண்டும். வயிறு எரிந்தால் அதற்குத் தனியாக மருந்து கேளுங்கள். பல்லுப் பிடுங்கப் போனாலும் இதய டொக்டரிடம் கேட்காமல், தானாக நிறுத்தக் கூடாது.

கிண்ணியா நானா:

சொல்லிட்டன். "அந்த மனுசன்ட நம்பர் இரிக்கா" எண்டு கேக்கிறார். இல்ல எண்டுட்டன். குளிசைய என்ட கண்ணுக்கு முன்னால போட்டார்.

அலஸ்தோட்டம்:

மாமிட்டக் கேட்டனான். மாமாக்கு அதுக்கு நாலு வருசத்துக்கு முதல் ஒருக்கா அற்றாக் வந்திருக்கு. எங்களுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

பாலையூற்றுப் பிள்ளை:

பதினொரு நாளாச்சு, எழுத நேரம் கிடைக்கேல்லை.

ஓபிடியில இருந்த டொக்டர் பிள்ளை சின்ன வயசு. பிஸ்கட் ரின்னைக் கண்டு முதல்ல சிரிச்சா, பிறகு கொப்பியளை ஒவ்வொண்டாப் பிரிச்சுப் பாத்தா. அண்டைக்கே வாட்டில மறிச்சிட்டினம். இரும்புச் சேமிப்பு நல்லாக் குறைவு, ஈசிஜியில பயப்பட ஒண்டுமில்லை. பெரிய டொக்டர் வந்து அப்பாட்ட இருதயத்தைப் பற்றி நீங்கள் கேட்ட அதே கேள்வியளைக் கேட்டார் அண்ணை, கிட்டத்தட்ட அதே வரிசையில. அஸ்பிரினையும் முழங்கால் குளிசையையும் நிப்பாட்டச் சொன்னார். வயித்துக்கு ஒமேப்பிரசோலும், இரும்புக் குளிசையும் தந்திருக்கு. முழங்காலுக்குப் பூசுற மருந்தும் பயிற்சியும்.

மேல்வயித்துக் கமரா முடிஞ்சுது. இரைப்பையில சின்னச் சின்னப் புண், ஒண்டு கொஞ்சம் பெரிசு. சதை கிள்ளி அனுப்பியிருக்கு, கிருமி இருக்கோ எண்டும் பாக்கினம். பெருங்குடலுக்கு வாற மாசம் திகதி. தம்பி அங்கயிருந்து, தான் சொன்னது சரிதானே எண்டான். அரைவாசி சரி எண்டன்.

இரும்புக் குளிசை தொடங்கினபிறகு மலம் கறுப்பாப் போகுது எண்டு பேரன் ஓடிவந்து சொன்னான். இது இரும்பாலதானே, அண்ணை?

பழைய மருந்தாளன்:

பெரும்பாலும் இரும்பால்தான், கரும்பச்சை கலந்து இருக்கும். பிசினாக, தார் மாதிரி, கெட்ட நாற்றத்தோடு வந்தால், அல்லது தலை சுற்றினால் காத்திருக்கவேண்டாம். இரும்பு எடுத்த உடனே தேத்தண்ணி குடிக்க விடாதீர்கள், இரும்பு உடம்பில் சேராது.

பாலையூற்றுப் பிள்ளை:

தேத்தண்ணிக்குத்தான் இப்ப வீட்டில சண்டை.

ஒண்டு சொல்ல மறந்திட்டன். ஆஸ்பத்திரியால வந்த அண்டு பின்னேரம் அப்பா இந்த வருசக் கொப்பியை எடுத்து, பின்மட்டையில அந்தத் துறைமுகத்துக் கையெழுத்தில "அஸ்பிரின் 75 - இருப்பு 22 - வழங்கல் நிறுத்தம்" எண்டு எழுதித் திகதி போட்டு ஒப்பமும் வைச்சார். அடுத்தநாள் அந்த இருபத்திரெண்டையும் கொண்டுபோய் கிளினிக் மருந்து யன்னல்ல திருப்பிக் குடுத்திட்டு, பற்றுச்சீட்டுக் கேட்டவராம்.