கடைப் பக்கத்தோடு பட்ட பாடு: உங்கள் அனுபவத்தையும் பகிருங்கள்

கருப்பட்டிக்கடை:

வணக்கம். திருச்செந்தூர்ப் பக்கம் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் வாங்கி விற்கும் சிறு தொழில் எங்களுடையது. இந்த ஆண்டு தை மாதத்தில் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில், கடை நடத்த உதவும் வூகாமர்ஸ் என்ற பிளகினை (கூடுதல் மென்பொருளை) நிறுவி இணையக் கடை ஒன்றைத் தொடங்கினேன். நிறுவும்போதே கடை, கூடை, பணம் செலுத்துதல், என் கணக்கு என்ற பக்கங்களை அதுவே உருவாக்கித் தந்துவிட்டது. அவற்றுள் கடைப் பக்கம் மட்டும் எடிட்டரில் வெறுமையாகக் கிடந்ததால், அதை நான்தான் நிரப்ப வேண்டும் போலும் என்று எண்ணிவிட்டேன். பக்கங்களை இழுத்து வைத்து வடிவமைக்கும் பிளகின் ஒன்றைக் கொண்டு மூன்று இரவுகள் உட்கார்ந்து, பனங்காட்டின் படம், பதநீர் காய்ச்சும் படம், விலை விவரம் என்று அடுக்கி அடுக்கி வைத்தேன். சேமித்துவிட்டுத் திறந்து பார்த்தால், நான் வைத்தவற்றுள் ஒன்றுகூட இல்லை; பொருள்கள் மட்டும் வரிசையாக நின்றன.

கடைப் பக்கம் பெயரளவுக்குத்தான் பக்கம் என்பது பிறகுதான் விளங்கியது. அமைப்புகளில் 'கடைப் பக்கம்' என்று எதைக் குறிக்கிறோமோ, அதன் முகவரியை வூகாமர்ஸ் எடுத்துக்கொள்கிறது. அங்கே என்ன தெரிய வேண்டும் என்பதைத் தீமில் (தளத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் தொகுப்பில்) உள்ள பொருள் பட்டியல் டெம்ப்ளேட்தான் (வார்ப்புருதான்) முடிவு செய்கிறது. மாற்றம் வேண்டுமானால் அந்த டெம்ப்ளேட்டில்தான் கை வைக்க வேண்டும்.

இது தெரியாத ஆத்திரத்தில் நான் அந்தப் பக்கத்தையே குப்பையில் போட்டுவிட்டு, அதே பெயரில் புதிய பக்கம் ஒன்றை உருவாக்கினேன். அதில் பொருள்களும் இல்லாமல் போயின, ஏனெனில் அமைப்பு இன்னும் குப்பையில் கிடந்த பழைய பக்கத்தையே சுட்டிக்கொண்டிருந்தது. வூகாமர்ஸ் அமைப்புகளில் 'தயாரிப்புகள்' பகுதிக்குச் சென்று புதிய பக்கத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு, '404', அதாவது பக்கம் இல்லை, என்ற பிழை வந்து நின்றது. பெர்மாலிங்க் (பக்க முகவரி) அமைப்பைத் திறந்து, எதையும் மாற்றாமல் 'சேமி' பொத்தானை அழுத்தியவுடன் முகவரி விதிகள் புதிதாக எழுதப்பட்டு எல்லாம் சரியாயிற்று. ஒரு பொத்தானுக்காக ஒரு வாரம் போனதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

சுங்குடிச்சேலை:

சகோதரி, உங்களுக்காவது பிழை கண்ணில் தெரிந்தது. எனக்கு எல்லாமே சரியாகத் தெரிந்ததுதான் சிக்கலாகிவிட்டது.

சென்ற ஆடி மாதம், தள்ளுபடி அறிவிப்போடு கடையின் இணைப்பை வாட்ஸ்அப் குழுக்கள் எல்லாவற்றிலும் அனுப்பினேன். இரண்டு நாள்கள் ஓர் ஆர்டர்கூட வரவில்லை. என் மடிக்கணினியில் கடையைத் திறந்தால் சேலைகள் அழகாக வரிசையில் இருந்தன, கூடையில் போட முடிந்தது, பணம் செலுத்தும் பக்கமும் ஒழுங்காக வந்தது. விலைதான் அதிகமோ என்று எண்ணிப் பத்து விழுக்காடு குறைத்தும் பார்த்தேன். மூன்றாம் நாள் காலையில் மதுரையிலிருந்து என் பெரியம்மா அழைத்து, "கடையை எப்பப்பா திறக்கப் போற? விரைவில்னு போட்டிருக்கே, நானும் தினமும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றார்.

வூகாமர்ஸின் 9.1 பதிப்பில், 2024ஆம் ஆண்டில், கடையைத் திறக்கும் வரை மூடி வைத்திருக்கும் 'விரைவில்' என்ற நிலை சேர்க்கப்பட்டது. அமைப்புகளில் 'தளத்தின் தெரிவுநிலை' என்ற பகுதியில் அதை 'நேரலை' என்று மாற்றும் வரை, வெளியிலிருந்து வருபவர்களுக்கு அறிவிப்புப் பலகை மட்டுமே தெரியும்; நிர்வாகியாக உள்நுழைந்திருப்பவருக்கோ கடை முழுவதும் தெரியும். நான் ஒருமுறைகூட வெளியேறிப் பார்க்கவில்லை. மாற்றிய பிறகும் சிலருக்குப் பழைய பலகையே வந்தது. பக்கங்களின் நகலை வைத்திருந்து வேகமாகக் காட்டும் கேஷ் பிளகின் அந்தப் பக்கத்தைச் சேமித்து வைத்திருந்ததால், அதையும் காலி செய்ய வேண்டியிருந்தது.

வலைத்தச்சன்:

கேஷ் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். பிறருக்குக் கடைத் தளம் அமைத்துக் கொடுப்பதே என் பிழைப்பு. வாடிக்கையாளர் பொருளைக் கூடையில் போடுகிறார், கூடையைத் திறந்தால் காலியாக இருக்கிறது என்ற புகார்தான் என்னிடம் அதிகம் வருவது. கூடை, பணம் செலுத்துதல், என் கணக்கு ஆகிய மூன்று பக்கங்களும் ஆளுக்கு ஆள் மாறுபவை. அவற்றைக் கேஷில் சேமித்தால், முதலில் வந்தவரின் காலிக் கூடையே அடுத்தவருக்கும் காட்டப்படும். பிளகினில் இந்த மூன்றையும் விலக்கி வைத்துவிட்டு, 'சரியாகிவிட்டது' என்று நானே ஒரு வாடிக்கையாளரிடம் அறிவித்துவிட்டு அசடு வழிந்த அனுபவம் உண்டு. அவருடைய ஹோஸ்டிங்கில் (தளத்தை வைத்திருக்கும் நிறுவனத்தில்) சர்வர் அளவில் இன்னொரு கேஷ் ஓடிக்கொண்டிருந்தது. அது டேஷ்போர்டில் எங்குமே தென்படாது. கேட்டால்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் உண்டு. 2023 இறுதியில் வந்த 8.3 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவப்படும் கடைகளில் கூடைப் பக்கமும் பணம் செலுத்தும் பக்கமும் பிளாக்குகளாக (எடிட்டரில் அடுக்கும் தனித்தனித் துண்டுகளாக) அமைகின்றன. பழைய ஷார்ட்கோடு முறையை (சதுர அடைப்புக்குள் ஒரு சொல்லை எழுதி உள்ளடக்கத்தை வரவழைப்பதை) நம்பி எழுதப்பட்ட பிளகின்கள் பல அங்கே வேலை செய்வதில்லை. கேக் கடை ஒன்றுக்கு, எந்த நாளில் எந்த நேரத்தில் கொண்டுவர வேண்டும் என்று கேட்கும் கட்டத்தைச் சேர்த்திருந்தேன். என் பழைய தளங்களில் எல்லாம் ஓடிய அதே பிளகின்தான். இங்கே பிழைச் செய்தி எதுவும் காட்டாமல், கட்டமும் காட்டாமல் பேசாமல் இருந்தது. பிளாக்கை நீக்கிவிட்டு ஷார்ட்கோட்டை வைத்த பிறகே வந்தது. இதை நிரந்தரத் தீர்வு என்று நான் சொல்ல மாட்டேன், அந்தப் பிளகினுக்கு மாற்று தேடுவதே முறை. ஆனால் பிறந்தநாள் கேக் காத்திருக்காதே.

செக்குஎண்ணெய்:

என் அனுபவம் சிறியது. நாற்பது பொருள்களை எக்செல் தாளிலிருந்து ஒரே நேரத்தில் ஏற்றினேன். பட்டியலில் ஆறுதான் தெரிந்தன. 'இருப்பு இல்லாதவற்றை மறைக்கவும்' என்ற பெட்டியில் டிக் இருந்தது. என் தாளில் முப்பத்து நான்கு பொருள்களுக்கு இருப்பு 0 என்று கிடந்தது. அவ்வளவுதான். பொருள் காணவில்லை என்றால் முதலில் தாளைப் பாருங்கள்.

வலைத்தச்சன்:

தமிழில் பெயர் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றை விட்டுவிட்டேன். பொருளின் பெயரைத் தமிழில் எழுதினால் முகவரியும் தமிழிலேயே உருவாகிறது. ஆனால் உள்ளே அது விழுக்காட்டுக் குறிகளும் எண்களுமாக மாற்றிச் சேமிக்கப்படுகிறது. உயிர்மெய்க் குறிகளையும் புள்ளியையும் தனித்தனியாக எண்ணினால், தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 9 இடங்கள் செலவாகின்றன. வேர்ட்பிரஸ் அதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடங்கள் என்பதால், ஏறக்குறைய 22 குறிகளோடு முகவரி வெட்டுப்பட்டு நிற்கும். வாட்ஸ்அப்பில் ஒட்டினால் நான்கு வரிக்கு நீளும் அந்தக் குறிக்குவியலைக் கண்டு மோசடி இணைப்பு என்று அஞ்சியவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெயர் தமிழில் இருக்கட்டும், ஸ்லக் (முகவரியின் இறுதிப் பகுதி) மட்டும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக இருக்கட்டும். பொருளின் ஸ்லக்கைப் பின்னால் மாற்றினாலும் பழைய இணைப்பு தானாகப் புதியதற்குத் திருப்பிவிடப்படும். கடைப் பக்கத்துக்கு அந்த வசதி இல்லை. அதன் முகவரியை மாற்றினால் நீங்களே திருப்பிவிட வேண்டும்.

கருப்பட்டிக்கடை:

அனைவருக்கும் நன்றி. சுங்குடிச்சேலை ஐயா எழுதியதைப் படித்ததும் என் மகளின் கைப்பேசியில், உள்நுழையாமல், கடையைத் திறந்து பார்த்தேன். பொருள்கள் தெரிந்தன, கூடையும் வேலை செய்தது. ஆனால் புதுச்சேரியில் இருக்கும் அவளுடைய தோழியின் முகவரியைக் கொடுத்தபோது, அனுப்பும் வழி எதுவும் இல்லை என்று சொல்லி ஆர்டர் அங்கேயே நின்றுவிட்டது. அனுப்பும் மண்டலமாக நான் தமிழ்நாட்டை மட்டும் குறித்திருந்தேன். மாநிலப் பட்டியலில் புதுச்சேரி தனியாக இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. சென்ற மாதம் "உங்கள் கடை எங்கள் ஊருக்கு வராதா?" என்று கேட்டு எழுதியிருந்த காரைக்கால் அம்மாவுக்கு, எல்லா ஊருக்கும் வரும் என்று பெருமையாகப் பதில் எழுதியிருந்தேன். புதுச்சேரியையும் மண்டலத்தில் சேர்த்துவிட்டு, இன்று காலை அவருக்கு மன்னிப்புக் கேட்டு மீண்டும் எழுதினேன். இரண்டு கிலோ சுக்குக் கருப்பட்டிக்கு ஆர்டர் வந்திருக்கிறது.