58 பெரிதா, 53 பெரிதா? மாறனுக்கு ஒரு பதில்

கயல் அம்மா:
மாறன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனசு ஆறவில்லை. குழந்தைகளின் அப்சென்ஸ் வலிப்புக்கு (சில விநாடி நினைவு தப்பி வெறித்து நிற்கும் வலிப்பு) வால்ப்ரோயேட் மருந்துக்குத்தான் முதலிடமாம். எத்தோசுக்சிமைடு 1950களில் வந்த பழைய மருந்தாம், அதைக் கேட்கும் அம்மாக்கள் காலம் தெரியாதவர்களாம். அவர் காட்டும் ஆதாரம், 453 குழந்தைகளை வைத்து அமெரிக்காவில் நடந்து 2010ல் வெளியான ஆய்வு. அதே குழு 2013ல் என்ன சொன்னது? முதலில் தொடங்க ஏற்றது எத்தோசுக்சிமைடுதான் என்றது. பாதியைப் படித்துவிட்டு எங்களுக்குப் பாடம் எடுக்காதீர்கள்.

மாறன்:
முழுசாகவே படித்தேன். 16 வாரத்தில் மருந்து பலித்த குழந்தைகள்: வால்ப்ரோயேட் 58 சதவீதம், எத்தோசுக்சிமைடு 53, மூன்றாவது மருந்தான லாமோட்ரிஜின் 29. 58 பெரிதா, 53 பெரிதா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

தேன்மொழி:
ஒரு சந்தேகம். இந்த 58, 53 எல்லாம் வலிப்பு நின்ற கணக்கா? இல்லை, பக்கவிளைவால் மருந்தை நிறுத்த வேண்டி வந்தவர்களையும் தோல்வியில் சேர்த்த கணக்கா?

கயல் அம்மா:
அந்த ஐந்து சதவீதம் தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம், மாறன். இரண்டும் சமம் என்றுதான் ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் சொல்லாமல் விட்டது கவனக் குறைபாட்டை. வால்ப்ரோயேட் எடுத்தவர்களில் 49 சதவீதம், எத்தோசுக்சிமைடு எடுத்தவர்களில் 33 சதவீதம். என் மகளுக்கு ஆறு வயதில் ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருப்பாள், பத்து விநாடி கண் வெறித்து நிற்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவாள். பள்ளியில் 'கனவு காண்கிறாள்' என்று ஒரு வருடம் திட்டு வாங்கினாள். கடைசியில் டாக்டர் மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொன்னார். அங்கேயே வந்துவிட்டது. மூளை மின்அலைகளைப் பதிவு செய்யும் இ.இ.ஜி.யில் விநாடிக்கு மூன்று அலை, பாடப்புத்தகத்தில் இருப்பது போலவே. ஏற்கெனவே பாதிப் பாடம் காதில் விழாத குழந்தைக்கு, கவனத்தை இன்னும் குறைக்கும் மருந்தை ஏன் முதலில் கொடுக்க வேண்டும்?

மாறன்:
உங்கள் மகள் கதை வேறு, ஆய்வு வேறு. 58 என்பது 58தான். அதோடு, கை கால் வெட்டி இழுக்கும் பெரிய வலிப்பு வந்தால் எத்தோசுக்சிமைடு காப்பாற்றாது. வால்ப்ரோயேட் இரண்டையும் பார்த்துக்கொள்ளும்.

பழைய மருந்தாளர்:
மாறன் சொன்னால் நம்ப வேண்டியதுதானா? போன மாதம் 'எல்லா பிட்ஸ் மாத்திரையும் ஒன்றுதான்' என்று எழுதியவர் இவர்தான். கார்பமசெபைன் என்ற வேறொரு வலிப்பு மருந்தைக் கொடுத்தால் அப்சென்ஸ் வலிப்பு அதிகமாகலாம் என்று நான் சொன்னபோது என்னைக் 'கடைக்காரர்' என்றார். அதற்கு இன்றுவரை ஒரு வருத்தமும் தெரிவிக்கவில்லை.

மாறன்:
அதை இங்கே ஏன் இழுக்கிறீர்கள்? 58க்குப் பதில் இருந்தால் சொல்லுங்கள்.

நிலவன்:
எதற்கு இவ்வளவு சண்டை? காக்காய் வலிப்பு வயதானால் தானாகப் போய்விடும்.

கயல் அம்மா:
நிலவன், அந்தச் சொல்லை என் பிள்ளையைப் பற்றிப் பேசும் இடத்தில் எழுதாதீர்கள். நிறைய பிள்ளைகளுக்குப் பதின்ம வயதில் நிற்கிறது, எல்லோருக்கும் இல்லை. அதுவரை போகிற பள்ளி வருடங்களை யார் திருப்பித் தருவார்கள்?

மாறன், பெரிய வலிப்பு வந்த குழந்தைகளை அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. அவர்களுக்கு வால்ப்ரோயேட் கொடுப்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் பெண் குழந்தைகளுக்கு இன்னொன்றும் இருக்கிறது. வளர்ந்து கர்ப்பமாகும்போதும் வால்ப்ரோயேட் தொடர்ந்தால் கருவைப் பாதிக்கலாம். சரி, ஓராண்டுக் கணக்கையும் பாருங்கள்: எத்தோசுக்சிமைடு 45, வால்ப்ரோயேட் 44, லாமோட்ரிஜின் 21. உங்கள் 58 எங்கே போனது?

மாறன்:
45ம் 44ம் ஒன்றுதான். அப்படியென்றால் 16 வாரக் கணக்குத்தான் நிற்கும். 58.

பழைய மருந்தாளர்:
ஒன்று வித்தியாசம் வந்தால் சமமாம், ஐந்து வந்தால் வெற்றியாம்! நல்ல நியாயம்.

தேன்மொழி:
நான் கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. இன்னொன்று: பிறவியிலேயே அப்சென்ஸ் வலிப்பு வரும் எலிகளுக்கு, வலிப்பு தொடங்கும் முன்பே எத்தோசுக்சிமைடு கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். மருந்தை நிறுத்திய பிறகும் வலிப்பு குறைவாகவே இருந்ததாம்.

நிலவன்:
குழந்தையைப் பற்றிப் பேசும்போது எலியா?

தேன்மொழி:
'காக்காய்' என்று எழுதியவர் எலிக்குக் கோபப்படுகிறாரா? முதலில் மரியாதையாகப் பேசுங்கள்.

கயல் அம்மா:
எலியை விடுங்கள். 49, 33. இந்த இரண்டு எண்ணையும் மாறன் இதுவரை வாயில் எடுக்கவே இல்லை. மருந்து தொடங்கும் முன்பே மூன்றில் ஒரு குழந்தைக்குக் கவனம் சிதறுகிறது. வலிப்பு நின்ற பிறகும் அது முழுசாகப் போவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுத வைக்கிற எனக்கு அது தெரியும். 49, 33, மாறன்.

மாறன்:
கவனச் சோதனை கணினியில் வைத்தது. வலிப்பு நிற்பதுதான் சிகிச்சை. 58. நான் எழுதியதில் ஒரு எழுத்தையும் மாற்ற மாட்டேன்.

கயல் அம்மா:
எண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். 'காலம் தெரியாத அம்மாக்கள்' என்று எழுதினீர்களே, அதை எடுங்கள். எடுக்கும்வரை நான் இங்கேதான் எழுதிக்கொண்டிருப்பேன்.

மாறன்:
58.